பாட வராதவர்களின் பாட்டு

பாலிக் புலாவில் டுரியான் விழத் தொடங்கிவிட்டால் வீடுகளில் ஆள் சேரும். பாயா தெருபோங்கிலிருந்து மலை ஏறி இறங்கும் துன் சார்டோன் சாலையில் கார்கள் வரிசையாக ஊர்ந்து வரும். ஜோர்ஜ்டவுன் சித்தி, பட்டர்வொர்த் மாமா, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை முடிந்து நேராக வருகிற தம்பிகள். சாயங்காலம் பழம் பிளந்து, ராத்திரிச் சாப்பாடும் முடிந்த பிறகு யாராவது ஒருவர் சக்கரம் வைத்த ஒலிபெருக்கியை வாசலுக்கு இழுத்து வருவார். டிவியில் யூடியூப், கையில் மைக். கரவோக்கே தொடங்கிவிடும்.

அந்த நேரத்தில் கூட்டத்தைக் கவனித்துப் பாருங்கள். நாலைந்து பேர் மைக்குக்குக் காத்திருப்பார்கள். மற்றவர்கள் மெல்ல நழுவுவார்கள். ஒருவருக்குத் திடீரென்று பாத்திரம் கழுவ வேண்டியிருக்கும், இன்னொருவருக்குப் போன் பேச வேண்டியிருக்கும். கையைப் பிடித்து இழுத்தால், “எனக்குப் பாட்டெல்லாம் வராதுங்க, அக்கா நல்லா பாடுவாங்க, அவங்ககிட்ட குடுங்க” என்று மைக் கைமாறிவிடும். பாட ஆசை இல்லாமல் அல்ல. காரில் தனியாகப் போகும்போது இதே ஆட்கள் வாய்விட்டுப் பாடுவார்கள்.

இந்தக் கட்டுரை அப்படி நழுவுகிறவர்களுக்காக. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தமிழ்ப் பாட்டில் தொடங்காதீர்கள், ஜப்பானியப் பாட்டில் தொடங்குங்கள். தெரியாத மொழியில் பாடுவது எப்படிச் சுலபமாகும் என்று தோன்றும். ஆனால் ஜப்பானின் பள்ளிப் பாட்டு எப்படி வந்தது, கரவோக்கே எப்படி வந்தது என்று தேடிப் போனால், ஒவ்வொரு திருப்பத்திலும் பாட வராத ஒரு மனிதர் நிற்கிறார். அவருக்காகத்தான் பாட்டும் கருவியும் உருவாயின.

முதலில் நம் பக்கத்தைப் பார்ப்போம். நம் கரவோக்கே பட்டியலில் இருப்பவர்கள் யார்? டி.எம்.சௌந்தரராஜன், பி.சுசீலா, எஸ்.ஜானகி, யேசுதாஸ், எஸ்.பி.பாலசுப்ரமணியம். எம்.எஸ்.விஸ்வநாதனும் இளையராஜாவும் அந்தக் குரல்களை மனத்தில் வைத்தே மெட்டுப் போட்டார்கள். அனுபல்லவியில் ஏறி, சரணத்தில் உச்சத்தைத் தொட்டு, சட்டென்று இறங்கிப் பல்லவிக்குத் திரும்ப வேண்டும். 1990ல் வந்த ‘கேளடி கண்மணி’ படத்தில் எஸ்.பி.பி. மூச்சு விடாமல் பாடுவதாக அமைந்த பாட்டைக் கரவோக்கேயில் தொட்டவர்களுக்குத் தெரியும், நாலாவது வரியிலேயே நெஞ்சு அடைக்கும். போதாக்குறைக்கு, கேட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொருவர் காதிலும் அசல் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். சுருதி ஓர் இழை பிசகினாலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியப்பாவின் முகத்தில் தெரிந்துவிடும். இவ்வளவு உயரத்தில் இருக்கும் படியை முதல் படியாக வைத்தால் யார் ஏறுவார்கள்?

மூன்று நாள் அழுத மாணவர்

1875ல் ஜப்பானிய அரசு, ஆசிரியர் பயிற்சி எப்படி நடக்கிறது என்று கற்று வர மூன்று இளைஞர்களை அமெரிக்காவுக்கு அனுப்பியது. அவர்களில் ஒருவர் இசாவா ஷுஜி. 1851ல் பிறந்தவர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிரிட்ஜ்வாட்டர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். மற்றப் பாடங்களை எப்படியோ சமாளித்துவிட்டார். பாட்டு மட்டும் வரவே இல்லை. மேற்கத்திய ஏழு சுரங்களில் நான்காவதும் ஏழாவதும் அவர் தொண்டையில் உட்காரவில்லை. அவர் வளர்ந்த ஊரின் பாட்டுகளில் அந்தச் சுரங்கள் அந்த இடத்தில் இல்லை.

பள்ளித் தலைவர் இரக்கப்பட்டார். நீங்கள் வேறு நாட்டுக்காரர், பாட்டு வகுப்பிலிருந்து உங்களுக்கு விலக்குத் தருகிறேன் என்றார். அதைக் கேட்டு மூன்று நாள் அழுததாக இசாவா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும் கற்று வரும்படி அனுப்பிய நாட்டுக்கு, பாட்டை மட்டும் விட்டுவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? பிறகு பாஸ்டன் பள்ளிகளில் இசை கற்பித்துக்கொண்டிருந்த லூதர் வைட்டிங் மேசன் என்பவரைத் தேடிப் பிடித்துத் தனியாகப் பாடம் கேட்டார். கொஞ்சம் கொஞ்சமாகச் சுரம் பிடிபட்டது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அடுத்த பகுதி. ஊர் திரும்பிய இசாவாவிடம் 1879ல் ஜப்பானிய அரசு பள்ளி இசையை அமைக்கும் பொறுப்பைக் கொடுத்தது. அவர் மறுவருடமே மேசனை ஜப்பானுக்கு வரவழைத்தார். இருவரும் சேர்ந்து தொகுத்த தொடக்கப்பள்ளிப் பாட்டுப் புத்தகத்தின் முதல் தொகுதி 1881 என்ற ஆண்டைத் தாங்கி வெளிவந்தது. தமக்கு வராமல் போன அந்த நான்காம், ஏழாம் சுரங்கள் இல்லாத மெட்டுகளுக்கு அந்தப் புத்தகத்தில் நல்ல இடம் கிடைத்தது. ஐந்து சுரத்தில் ஓடும் ஸ்காட்லாந்து நாட்டு மெட்டுகள் தோதாக அமைந்தன. ஆண்டுப் பிறப்பு நள்ளிரவில் உலகமே பாடும் ‘ஆல்ட் லாங் சைன்’ மெட்டு அப்படித்தான் ‘ஹோத்தாரு நோ ஹிகாரி’, அதாவது மின்மினி வெளிச்சம், என்ற பெயரில் ஜப்பானியப் பாட்டாயிற்று. இன்றைக்கும் அங்கே பள்ளி விடை கொடுக்கும் விழாக்களில் அதைப் பாடுகிறார்கள். பாட முடியாமல் தவித்த ஒருவர், நாட்டின் எல்லாப் பிள்ளைகளும் பாடக்கூடிய பாட்டைத் தேடியிருக்கிறார். 1887ல் தோக்கியோ இசைப் பள்ளி தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவரே.

இனி நம் காதுக்கு வருவோம். ஏழு சுரத்தில் நான்காவதான மத்தியமத்தையும் ஏழாவதான நிஷாதத்தையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ச ரி க ப த. அது மோகனம். பாட்டு வகுப்புக்குப் போன எந்தத் தமிழ்ப் பிள்ளையும் முதலில் பாடும் வர்ணங்களில் ஒன்றான ராமநாதபுரம் சீனிவாச ஐயங்காரின் ‘நின்னுக்கோரி’ மோகனம். 1988ல் ‘அக்னி நட்சத்திரம்’ படத்தில் இளையராஜா அதைச் சினிமாப் பாட்டாக்கியது மலேசியத் தமிழ்க் கல்யாண மேடைகள் எல்லாவற்றுக்கும் தெரியும். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் வரும் முல்லைத் தீம்பாணிதான் மோகனம் என்று இசை ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஏழு ஆய்ச்சியர் சுரங்களின் பெயரைத் தாங்கி வட்டமாக நின்று, கைகோத்துப் பாடி ஆடுகிறார்கள். அவர்கள் பாட்டுக்காரிகள் இல்லை, மாடு மேய்ப்பவர்கள். ஊரோடு சேர்ந்து பாட ஐந்து சுரம் போதும் என்பது நம்மவர்களுக்கும் பழைய செய்திதான்.

சுரம் ஒன்றாக இருப்பதால் ராகமும் ஒன்றாகிவிடாது. நம் மோகனத்தில் காந்தாரம் அசையும், தைவதம் வழுக்கும். கமகம் இல்லாமல் ராகம் இல்லை. ஜப்பானியப் பள்ளிப் பாட்டில் சுரம் நட்ட இடத்தில் நேராக நிற்கும். பாட வராதவருக்கு அதுவே பெரிய உதவி. தெரிந்த சுரம், அசைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஓக்கினாவா தீவின் பாட்டுகளுக்குத் தனிச் சுர வரிசை உண்டு: ச க ம ப நி. அது நம் கம்பீர நாட்டை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குத் தேர் புறப்படும்போது நாகஸ்வரத்தில் எழும் மல்லாரி அந்த ராகம்தான். மியாசாவா கசுஃபுமி எழுதி ‘தி பூம்’ குழு 1992ல் வெளியிட்ட ‘ஷிமா உத்தா’வைக் கேளுங்கள். முதல் வரியிலேயே ஏதோ கோயில் வாசலில் நிற்பது போல் இருக்கும். ஓக்கினாவாப் போரில் செத்தவர்களை நினைத்து எழுதிய பாட்டு அது. அதில் வரும் தேய்கோ மரம் வேறொன்றும் இல்லை, நம் கல்யாண முருங்கை. குரல் நன்றாக ஏறும் பாட்டு என்பதால் தொடக்கக்காரருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். கேட்க மட்டும்.

கேலிக்கு ஆளான முதலாளி, தடுமாறிய வாடிக்கையாளர்

கரவோக்கே கருவியின் கதையிலும் இதே ஆள் வருகிறார். தோக்கியோவில் மின்னணுப் பொருள் செய்யும் பட்டறை வைத்திருந்த நெகிஷி ஷிகெய்ச்சிக்கு வானொலிப் பாட்டோடு சேர்ந்து பாடிக்கொண்டே வேலைக்கு வரும் பழக்கம். உங்கள் பாட்டு சகிக்கவில்லை என்று அவரிடம் வேலை பார்த்தவர் ஒருநாள் கேலி செய்தார். பின்னணி இசை மட்டும் இருந்தால் என் குரலும் கேட்கிற மாதிரி இருக்குமே என்று அவருக்குத் தோன்றியது. அதே ஆளைக் கொண்டே 1967ல் ஒரு பெட்டி செய்ய வைத்தார். ‘ஸ்பார்கோ பாக்ஸ்’ என்று பெயர். நெகிஷி 2024 ஜனவரியில், 100 வயதில் காலமானார்.

அவரைத் தெரியாமலே கோபே நகரில் இன்னொருவர் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். இனோவே தைசுகே மதுக்கூடங்களில் வாடிக்கையாளர் பாடப் பாடக் கூடவே வாசிக்கும் கலைஞர். இசைக் குறிப்புப் படிக்கத் தெரியாதவர். அவரிடம் ஒரு கம்பெனி முதலாளி வந்து பாடுவார். தாளம் நிற்காது, சுருதி நிற்காது. இனோவே அவர் போகிற போக்கில் போய் வாசிப்பார், அதனால் அந்த முதலாளிக்கு இவரை விட மனம் இல்லை. வெந்நீர் ஊற்று ஊருக்குப் போகும் பயணத்துக்கும் கூப்பிட்டார். இனோவேயால் போக முடியவில்லை. அந்த மனிதரின் குரலுக்கும் வேகத்துக்கும் ஏற்றபடி வாசித்து ஒரு நாடாவில் பதிந்து கொடுத்தனுப்பினார். அதிலிருந்து வந்த யோசனைதான் 1971ல் அவர் செய்த ‘8 ஜூக்’. காசு போட்டால் பாட்டு ஓடும் பெட்டி. 11 பெட்டிகள் செய்து கோபேயின் மதுக்கூடங்களுக்கு வாடகைக்குக் கொடுத்தார். காப்புரிமை வாங்கவில்லை. அதனால் பெரிய பணம் எதுவும் அவர் கைக்கு வரவில்லை. 1999ல் ‘டைம்’ இதழ், நூற்றாண்டின் செல்வாக்குமிக்க ஆசியர்கள் வரிசையில் அவரைச் சேர்த்தது.

1980களின் நடுவில் ஒகாயாமாவில் சரக்குக் கொள்கலன்களை அறைகளாக மாற்றி வாடகைக்கு விட்டார்கள். கரவோக்கே அறை அப்படிப் பிறந்தது. அந்நியர் காது இல்லாத இடம் என்பதுதான் அதன் பெரிய கொடை. பாலிக் புலாவ்வாசிகளுக்கு அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஜாதிக்காய், கிராம்பு, டுரியான் மரங்கள் நிற்கும் நம் டூசுன் வீடுகளில், பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போய்ச் சேர்வதற்குள் பாதி கரைந்துவிடும்.

மலைக்கு அந்தப் பக்கமும் இந்தக் கதையின் ஒரு நூல் கிடக்கிறது. 1970களின் தொடக்கத்தில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு முதலில் வந்த எட்டு அந்நிய நிறுவனங்களில் இரண்டு ஜப்பானியவை: ஹிட்டாச்சி, கிளாரியோன். கிளாரியோன் இங்கே செய்தது காருக்கான வானொலிக் கருவிகள். அதே நிறுவனம் அதே 1970களில் ஜப்பானில் கடைகளுக்கான கரவோக்கே கருவிகளையும் விற்றது. மலை தாண்டி அங்கே வேலைக்குப் போன பாலிக் புலாவ் பெண்கள் எத்தனையோ பேர்.

பினாங்குக்கு இந்தப் பாட்டு எப்படி வந்தது

ஜப்பானியப் பாட்டு பினாங்குக்குப் புதிது இல்லை. வந்த விதம் கொடியது. 1941 டிசம்பர் 11 அன்று ஜோர்ஜ்டவுன் மீது குண்டு விழுந்தது. டிசம்பர் 19ல் ஜப்பானியப் படை தீவுக்குள் நுழைந்தது. கடிகாரங்கள் தோக்கியோ நேரத்துக்கு மாறின. பள்ளிகள் மறுபடி திறந்தபோது, பிள்ளைகள் காலையில் தோக்கியோ இருக்கும் திசை பார்த்துத் தலை குனிந்து ஜப்பானிய தேசிய கீதம் பாட வேண்டும். ஆசிரியர்களுக்கே ஜப்பானிய மொழி தெரியாத நிலையில் பாட்டுதான் பாடப்புத்தகமாயிற்று. அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்த அந்த அணிவகுப்புப் பாட்டுகளை, எண்பது வயதிலும் ஓர் எழுத்து பிசகாமல் பாடிக் காட்டிய முதியவர்களை இந்நாட்டுத் தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாருமே தங்கள் குடும்பங்களில் பார்த்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் மனம் கனக்கிறது. பாட வராத பிள்ளையும் பாடட்டும் என்று இசாவா தேடிய அதே எளிமைதான், மொழி தெரியாத பிள்ளையையும் பேரரசுக்குப் பாட வைக்க உதவியது. இசாவாவே 1895ல் தைவானுக்குப் போய், ஜப்பான் கைப்பற்றிய அத்தீவின் கல்வித்துறையைத் தலைமையேற்று நடத்தினார். எளிய பாட்டுக்கு அப்படி ஒரு பலம் உண்டு, யார் கையிலும் வேலை செய்யும். பிள்ளைகள் இங்கே பாடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதையில் செத்து விழுந்தார்கள். அந்தக் குடும்பங்களின் வாரிசுகள் இதைப் படிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். யாராவது, ஜப்பானியப் பாட்டு என் வாயில் வராது என்றால், அவரிடம் நான் வாதாட மாட்டேன்.

அந்தக் காலத்திலிருந்தே இன்னொரு பிள்ளையும் வந்தான். 1929ல் பினாங்கில் பிறந்து, ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜப்பானியக் கடற்படை நடத்திய பள்ளியில் படித்தவன். அங்கே ஜப்பானியப் பாட்டுகளும் இசையின் அடிப்படையும் கற்றான். பெயர் பி.ரம்லி. 1950ல் ‘பக்தி’ படத்தில் அவருக்கு முதல் கதாநாயக வேடம் கொடுத்தவர் எல்.கிருஷ்ணன் என்ற தமிழ் இயக்குநர். போர்க்காலப் பள்ளியில் கிடைத்த சுரத்தைப் பிறகு அவர் தம்முடைய பாட்டுக்கு எடுத்துக்கொண்டார். மலாய்ப் பாட்டின் மிகப் பெரிய பெயர் அது.

எதில் தொடங்கலாம்

போருக்குப் பிந்திய ஜப்பானியப் பாட்டு வேறு மனம் கொண்டது. அதில் முதலில் நான் சொல்வது ‘உவே ஓ முயிதே அருகோ’. 1961ல் வந்தது. எய் ரோக்குசுகே எழுத, நக்கமுரா ஹச்சிதாய் இசையமைக்க, 19 வயதுப் பையன் சக்கமோத்தோ கியூ பாடினார். கண்ணீர் கீழே விழுந்துவிடக் கூடாது என்று அண்ணாந்து பார்த்தபடி தனியாக நடக்கும் ஒருவனின் பாட்டு. 1963 ஜூனில் அமெரிக்கப் பாடல் வரிசையில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது, ஜப்பானிய மொழியிலேயே. அமெரிக்காவில் அதற்கு ‘சுக்கியாக்கி’ என்று ஒரு மாட்டிறைச்சிக் குழம்பின் பெயரைச் சூட்டி விற்றார்கள். சக்கமோத்தோ 1985 ஆகஸ்ட் 12ல் நடந்த ஜப்பான் விமான விபத்தில் இறந்தார்.

ஏன் இது சுலபம்? மெட்டின் பெரும்பகுதி மோகனத்துச் சுரங்களில் நடக்கிறது. ஒரு சுரத்திலிருந்து பக்கத்துச் சுரத்துக்கே போகிறது, தாண்டிக் குதிப்பது குறைவு. நடக்கும் வேகம்தான் தாளம். ஆகவே நின்ற இடத்தில் காலை மாற்றி மாற்றி வைத்தாலே தாளம் தப்பாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓரிடத்தில் பாடகர் வார்த்தையை விட்டுவிட்டுச் சீட்டி அடிக்கிறார். வார்த்தை மறந்தவருக்கு அங்கே ஒரு வாசல் திறந்திருக்கிறது.

இரண்டாவது, சென் மசாவோ 1977ல் பாடிய ‘கித்தகுனி நோ ஹாரு’. வட நாட்டின் வசந்தம். பட்டணத்தில் பிழைக்க வந்தவன் ஊரையும் அம்மாவையும் நினைக்கிற பாட்டு. இதுவும் அதே ஐந்து சுரம். பாலிக் புலாவில் இதைச் சொல்வதற்குத் தனிக் காரணம் உண்டு. இந்த மெட்டு மாண்டரினிலும் பல வடிவங்களில் வந்தது, தெரசா தெங்கும் பாடியிருக்கிறார். நம் ஊரின் ஹக்கா குடும்பத்துப் பெரியவர் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் வரியைத் தொடங்கிப் பாருங்கள். இரண்டாவது வரியில் அவர் சீனத்தில் சேர்ந்துகொள்வார். தனியாகப் பாடும் பயம் அங்கேயே பாதி போய்விடும்.

பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால், 1988ல் வந்த ‘தொத்தோரோ’ படத்தின் ‘சம்போ’. உலாவப் போவதைப் பற்றிய பாட்டு, ஹிசாய்ஷி ஜோவின் இசை. அணிவகுப்புத் தாளம், சின்னச் சின்ன வரிகள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு விட இடம். டோராயேமொன் பாட்டும் அப்படியே. நம் பிள்ளைகளுக்கு அந்தப் பூனையை அறிமுகப்படுத்த வேண்டியதே இல்லை.

நடு வயதுக்காரர்கள் குழுவாகப் பாட ஸ்மாப் குழுவின் ‘செக்காய் நி ஹித்தொட்சு தகே நோ ஹானா’. 2003ல் தனிப்பாட்டாக வந்தது. பூக்கடையில் பூக்கள் ஒன்றோடொன்று போட்டி போடுவதில்லையே என்ற நினைப்பில் தொடங்கும் பாட்டு. ஐந்து பேர் ஒரே குரலாகப் பாடியது, அதில் நல்ல குரலும் உண்டு, சுமாரான குரலும் உண்டு. அதனால் மெட்டு ரொம்ப மேலேயும் போகாது, ரொம்பக் கீழேயும் போகாது.

ஓர் எச்சரிக்கை. மிசோரா ஹிபாரியின் ‘காவா நோ நகாரே நோ யோ நி’ என்ற புகழ்பெற்ற பாட்டைக் கேட்டால் ஆற்றோட்டம் போல் அமைதியாக இருக்கும். தாழ்ந்த குரலில் பேசுவது போல் தொடங்கும். இது எனக்கு வரும் என்று கை வைத்தால் பல்லவியில் குரல் சட்டென்று மேலே தாவி, பொய்க்குரலுக்கு மாற வேண்டியிருக்கும். 1989ல் அவர் இறந்த ஆண்டில் வெளிவந்த பாட்டு. வாழ்நாள் முழுக்கப் பாடிய தொண்டை அது. எங்கா என்று சொல்லப்படும் சோகப் பாட்டுகளும் தொடக்கக்காரருக்கு ஆகாது. அவற்றில் நம் கமகத்துக்குப் பங்காளியான குரல் சுழற்சி உண்டு. கர்நாடக இசை பயின்றவர் வீட்டில் இருந்தால் அவருக்கு அதைக் கொடுங்கள், ரசித்துப் பாடுவார்.

வாயும் தொண்டையும்

மொழி பயமுறுத்தும் என்று நினைப்பவர்களுக்கு: மலேசியத் தமிழருக்கு இதில் வேறு நாட்டுத் தமிழர் பலருக்கும் இல்லாத வசதி இருக்கிறது. ஜப்பானியப் பாட்டின் வரிகள் கரவோக்கேயில் பெரும்பாலும் ரோமன் எழுத்திலும் கிடைக்கும். அதை ரூமி எழுத்து என்று நினைத்து, மலாய் வாசிப்பது போலவே வாசியுங்கள். அ, இ, உ, எ, ஒ ஐந்தும் அப்படியே பொருந்தும். எழுதியிருப்பதை வாசித்தால் போதும், ஆங்கிலம் மாதிரி எழுத்து ஒன்று உச்சரிப்பு ஒன்று என்ற தொல்லை கிடையாது.

ஒரே ஒரு கணக்கு மட்டும் மாறும். நம் இலக்கணத்தில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. ஜப்பானியத்தில் ஒற்றுக்கும் முழு மாத்திரை. ‘நிப்பொன்’ என்பது நமக்கு மூன்று மாத்திரை, அவர்களுக்கு நி, ப், பொ, ன் என்று நான்கு. பழைய பாட்டுகளில் பெரும்பாலும் ஒரு மாத்திரைக்கு ஒரு சுரம். ‘ன்’ என்ற ஒற்றை எழுத்துக்குக்கூடத் தனிச் சுரம் வரும். அதை விழுங்கிவிட்டால் பாட்டு உங்களை விட்டு முன்னால் ஓடிவிடும். தாளம் பிசகுவதாகத் தோன்றும் இடங்களில் முதலில் இதைச் சரிபாருங்கள். வரிகளைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் க, த, ப எழுத்துகள் நடுவில் வந்தால் நாக்கு தானாக மென்மையாக்கிவிடும். வல்லினமாகவே ஒலிக்க வேண்டிய இடத்தில் ஒற்றை இரட்டித்து எழுதுங்கள். ‘கித்தகுனி’ என்று மேலே நான் எழுதியது அதனால்தான்.

தொண்டைக்கு வருவோம். எனக்குச் சுருதி ஞானமே கிடையாது, பிறவிக் குறை என்று சொல்பவர்கள் நிறைய. உண்மையில் சுருதி பிரித்தறிய முடியாத பிறவி நிலை மக்களில் சுமார் ஒன்றரை விழுக்காட்டினருக்குத்தான் உண்டு என்று மாண்ட்ரியல் ஆய்வாளர் இசபெல் பெரெட்ஸ் 2017ல் வெளியான ஆய்வில் கண்டிருக்கிறார். அதே நகரில் அதற்குப் பத்து ஆண்டு முன்பு சிமோன் டல்லா பெல்லா குழுவினர் ஒரு பூங்காவுக்குப் போய், வழியில் போனவர்களை நிறுத்தி, எல்லாருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றைப் பாடச் சொன்னார்கள். பெரும்பாலோர் நன்றாகவே பாடினார்கள். பாட்டுக்காரர்களை விட அவர்கள் வேகமாகப் பாடியதுதான் வித்தியாசம். மெதுவாகப் பாட வைத்தபோது தவறுகள் குறைந்தன, தொழில்முறைப் பாடகர்களுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டார்கள். கோபேயில் அந்த முதலாளிக்காக இனோவே தம் நாடாவில் செய்ததும் இதைத்தான்.

ஆகவே கருவியில் இரண்டு பொத்தான்களைத் தேடுங்கள். ஒன்று வேகம். அதைக் கொஞ்சம் குறையுங்கள், யாரும் கவனிக்க மாட்டார்கள். இன்னொன்று கட்டையை மாற்றும் பொத்தான். ஓர் அழுத்துக்கு அரைச் சுரம் இறங்கும் அல்லது ஏறும். பாட்டின் மிக உயர்ந்த இடத்தை முதலில் முணுமுணுத்துப் பாருங்கள். கழுத்து நரம்பு புடைத்தால் இரண்டு மூன்று அழுத்து இறக்குங்கள். ஆண் பாடிய பாட்டைப் பெண்ணும், பெண் பாடியதை ஆணும் எடுக்கும்போது நாலைந்து அழுத்துகூடத் தேவைப்படலாம். நம் வீட்டுக் கரவோக்கேயில் பலர் தோற்பது இந்த ஒரு காரணத்தால்தான். அசல் பாடகரின் கட்டையிலேயே பாடியாக வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. யூடியூப் படத்தில் வேகத்தை மாற்றலாம், கட்டையை மாற்ற முடியாது. அதற்குக் கரவோக்கே செயலி வேண்டும், அல்லது அந்தப் பொத்தான் உள்ள ஒலிபெருக்கி வேண்டும். எதிரொலியை மட்டும் அளவோடு வையுங்கள். அதிகமாக வைத்தால் உங்கள் சுருதி உங்களுக்கே கேட்காது.

வீட்டில் பாடிப் பழகியவர்கள் வெளியில் பாட, பாடாங் கோத்தா லாமாவில் ஜூலை வாக்கில் நடக்கும் போன் ஒதோரிக்குப் போகலாம். பினாங்கில் வாழும் ஜப்பானியர்களோடு ஊர் மக்களும் சேர்ந்து, நடு மேடையைச் சுற்றி வட்டமாக ஆடுகிறார்கள். அங்கே ஒலிக்கும் பாட்டுகளில் ‘தங்கோ புஷி’ புக்குவோக்கா நிலக்கரிச் சுரங்கங்களில் பிறந்தது. கரி வெட்டுவது, அள்ளித் தோளுக்குப் பின்னால் போடுவது, நெற்றியில் கை வைத்து நிலா பார்ப்பது, வண்டி தள்ளுவது, இவ்வளவுதான் ஆட்டம். வரியின் முடிவில் கூட்டம் மொத்தமும் சேர்ந்து ஒரு கூவல் கொடுக்கும். முதல் வருடம் அந்தக் கூவலை மட்டும் கொடுங்கள். முழுப் பாட்டும் வாயில் வந்துவிட்ட பிறகு வீட்டில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், பாத்திரம் கழுவப் போனவரையும் சேர்த்து.